சாலையில் கண்ட வேடிக்கைகளைப் படம் பிடித்துப் பகிரும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். வெளியே போய்வரும் வழியில் கண்ணில் படும் விசித்திரங்களைக் கைப்பேசியில் பிடித்து, முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நாள்தோறும் பகிர்ந்துவரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். கட்டி முடியாத மாடியில் நாக்கைத் துருத்தியபடி தொங்கும் பூசணிக்காய், கடைக்கு வெயில் மறைப்பாகக் கட்டிய பழைய பிளக்ஸ் பேனரில் தலைகீழாகச் சிரிக்கும் வேட்பாளர், அவருக்கு நேர் கீழே கொதித்துக்கொண்டிருக்கும் டீ பாய்லர், காதணி விழாப் பதாகையில் குளிர்கண்ணாடி மாட்டி நிற்கும் ஒன்றரை வயதுக் குழந்தை என்று நீங்கள் எடுத்துத் தருபவை எல்லாம் நம் தெருக்களின் உண்மையான முகம். இவற்றைச் செய்தித்தாள் எழுதாது, எந்த அலுவலகமும் பதிவு செய்யாது. நீங்கள் எடுக்காவிட்டால் இவை எடுக்கப்படாமலே போய்விடும் என்பதை நான் உணர்ந்தே இருக்கிறேன்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள் வைக்க எனக்கு உரிமை இருப்பதாக எண்ணுகிறேன். பொருளைப் படம் எடுக்கும்போது அதைச் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொன்னதையும் படத்தோடு சேர்த்து எழுதுங்கள். மனிதரைப் படம் எடுக்க நினைத்தால் அவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். இந்த இரண்டும் ஒரே மரியாதையிலிருந்து பிறப்பவை என்பதால் ஒன்றாகவே சொல்கிறேன்.

பூசணிக்காயிலிருந்தே தொடங்குகிறேன். கூடுவாஞ்சேரிக்கு அருகில் பூச்சு வேலை முடியும் நிலையில் இருந்த ஒரு வீட்டின் முன், மேஸ்திரி ஒருவர் வெண்பூசணியில் முகம் எழுதுவதை நின்று பார்த்திருக்கிறேன். காயின் மேல் படிந்திருந்த வெண்பொடியை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, அது உலரும் வரை காத்திருந்து, கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்டால் முதலில் கண்ணை எழுதினார். பிறகு மீசை, கோரைப்பல், கடைசியில் சிவப்பு நாக்கு. கண்ணை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "ரோட்டுல போறவன் வூட்டப் பாக்குறதுக்கு முந்தி இதப் பாக்கணும் சார். மொதப் பார்வை இதுலயே போயிடணும்" என்றார். அழகுக்காகவோ அச்சுறுத்தலுக்காகவோ மட்டும் எழுதப்பட்ட முகம் அல்ல அது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின்மேல் விழும் முதல் பார்வையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளவே அது அங்கே தொங்குகிறது. வாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் படிகாரம், தலைகீழாகக் கட்டிய கற்றாழை, லாரியின் பின்னால் ஆடும் பழைய செருப்பு, காய்கறித் தோட்டத்தின் நடுவே சட்டை மாட்டி நிற்கும் வைக்கோல் பொம்மை ஆகிய அனைத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கண்ணேறு என்று ஒன்று உண்டா இல்லையா என்பது வேறு விவாதம். அந்த மேஸ்திரியின் விளக்கம் இல்லாமல் அந்தப் படம் வெறும் கோமாளி முகமாக நின்றுவிடும், விளக்கத்தோடு பார்த்தால் ஒரு குடும்பத்தின் பயமும் ஆசையும் அதில் தெரியும் என்பதே நான் சொல்ல வருவது.

பூசணியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜை நாளிலும் அமாவாசைகளிலும் நடுச்சாலையில் உடைக்கப்பட்டுச் சிதறிக் கிடக்கும் பூசணியை நீங்கள் ஆண்டுதோறும் படம் எடுக்கிறீர்கள். அதில் இருசக்கர வாகனங்கள் சறுக்கி விழுவதால், சாலையில் உடைக்க வேண்டாம் என்று காவல்துறையினர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும் அந்தத் துண்டுகளைச் சாலையோரமாக ஒதுக்கிவிட்டுப் போங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்து அய்யனார் குதிரைகள். புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் சாலைகளில் இரவில் போகும் சிலர், காரின் முகப்பு விளக்கில் திடீரெனத் தெரியும் மண்குதிரைகளையும், அரிவாள் ஏந்திய கருப்பசாமியையும், சில ஊர்களில் அவர்களுக்குப் பக்கத்தில் காவலர் சீருடையில் நிற்கும் சுதைச் சிலைகளையும் படம் எடுத்து, பேய்க்கதை போன்ற தலைப்பிட்டுப் பரப்புவதைப் பார்க்கிறேன். அந்தக் குதிரை அங்கே தானாக வந்து நிற்கவில்லை. ஊரார் கூடி முடிவெடுத்து, சிலை செய்யச் சொல்வதன் அடையாளமாகப் பிடிமண் கொடுத்து, மண்ணில் வனைவதைத் தொழிலாகக் கொண்ட வேளார் குடும்பத்தார் விரதமிருந்து வனைந்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, புரவி எடுப்பு நாளில் ஊரே தோளில் சுமந்து போய்க் கோயிலில் நிறுத்திய குதிரை அது. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைக்கு, மாசிமகத்தன்று மக்கள் வண்டி வண்டியாகக் காகித மாலைகளைக் கொண்டுவந்து சாத்துகிறார்கள். பல வண்ணக் காகிதங்களுக்குள் குதிரையின் உடலே மறைந்துபோகும் அந்தக் காட்சி பார்ப்பதற்கு வினோதமானதுதான். தாராளமாகப் படம் எடுங்கள். ஊர்ப் பெயரையும், அது என்ன நாள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். காவலர் உடையில் நிற்பவரும் அந்த ஊர் மக்களுக்குக் காவல்தெய்வம்தான். காவல் என்றால் அவர்கள் காலத்தில் என்ன உருவம் மனத்தில் வந்ததோ அதையே அவர்கள் செய்து வைத்தார்கள்.

வண்டிகளின் முதுகில் எழுதப்படும் வாசகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை நீங்கள் நன்றாகவே சேகரித்து வருகிறீர்கள். 'பிரசவத்திற்கு இலவசம்' என்ற ஆட்டோ வாசகத்தைக் கிண்டல் செய்து வரும் பதிவுகள் மட்டும் எனக்கு வருத்தம் தருகின்றன. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது 2008-இல். அதற்கு முன் நள்ளிரவில் வலி எடுத்த பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தது பெரும்பாலும் தெருமுனை ஆட்டோதான். அந்த நாளில் தரப்பட்ட வாக்கு இன்னும் அழியாமல் வண்டியின் பின்னால் இருக்கிறது. அதை எழுதியிருக்கும் ஓட்டுநர் ஒருவரிடம், எத்தனை பேரை அப்படி அழைத்துப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பதிவுக்கு அதைவிடச் சிறந்த தலைப்பு கிடைக்காது. மேலும் இந்த வாசகங்கள் என்றென்றும் இருக்கப்போவதில்லை. வடக்கே லாரிகளில் பல்லாண்டுகளாக எழுதப்பட்டுவந்த 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்பதை, தேவையில்லாமல் ஹார்ன் அடிக்கத் தூண்டுகிறது என்று சொல்லி மகாராஷ்டிர அரசு 2015-இல் தடை செய்தது. ஒலித் தொல்லையை நினைத்தால் அது தவறான முடிவும் அல்ல. இத்தகைய சிறிய எழுத்துகள் ஓர் ஆணையிலோ, ஒரு புது ஸ்டிக்கரிலோ மறைந்துவிடும் என்பதால்தான் உங்கள் சேகரிப்புக்கு மதிப்பு கூடுகிறது.

இனி, உங்கள் படங்களில் அடிக்கடி இடம்பெறும் ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மொபெட்டில் மலை போல் பிளாஸ்டிக் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வியாபாரியைத்தான் சொல்கிறேன். பின்னால் காரில் வரும் ஒருவர் அவரைப் படம் எடுத்து, 'வண்டி எங்கே, ஆள் எங்கே' என்று தலைப்பிட்டு அனுப்புகிறார், நாம் எல்லோரும் சிரிக்கிறோம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் அப்படிப்பட்ட ஒருவர் சுமையை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இருக்கைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புச் சட்டம் இருந்தது. கனமான வாளிகளும் அன்னக்கூடைகளும் அடியில், ஒன்றுக்குள் ஒன்றாக. அதற்கு மேல் முறங்கள், குடங்கள். இலேசான பந்துகளும் பூக்கூடைகளும் வலைப்பைக்குள் உச்சியில். கட்டுவதற்குக் கயிறு குறைவாகவே இருந்தது. பழைய டியூபை நீளக் கீற்றுகளாக அறுத்து வைத்திருந்தார், குலுங்கும்போது அது இழுத்துக்கொடுக்கும் என்பதற்காக. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கிறதா என்று, ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு கைகளாலும் வண்டியை மெல்ல ஆட்டிப் பார்த்தார். குடங்களின் வாய் எல்லாம் பின்பக்கம் பார்த்திருந்தன. முன்பக்கம் பார்த்திருந்தால் காற்றை வாங்கிக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் என்றார்.

படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு நின்றார். எடுத்து முடித்ததும், "அப்படியே பின்னால போய் நின்னு ஒண்ணு எடுங்க. வண்டி பின்னாலேருந்து எப்படித் தெரியும்னு நான் பாத்ததே இல்லைங்க" என்றார். எடுத்து அவருடைய கைப்பேசிக்கே அனுப்பினேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் பெருமையும் இருந்தது. அவரைப் போன்ற எத்தனையோ பேருடைய முதுகு இன்று ஆயிரக்கணக்கான கைப்பேசிகளில் வேடிக்கைப் பொருளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பில் அவர்களுக்கு மட்டும் பங்கு இல்லை. 1980-இல் வந்த டிவிஎஸ் 50 தொடங்கி இன்றுவரை மொபெட் என்ற சிறிய வண்டிதான் கடையே இல்லாத பல வியாபாரிகளுக்குக் கடையாக இருந்து வருகிறது. அளவுக்கு மீறிய சுமை ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆபத்தைச் சொல்வதானால் ஆபத்தென்றே எழுதுங்கள், அந்த மனிதரின் பிழைப்பைக் கேலியாக்க வேண்டாம்.

இங்கிருந்துதான் என் இரண்டாவது வேண்டுகோளுக்கு வருகிறேன். அதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேருந்திலும் மின்சார ரயிலிலும் வாய் திறந்து தூங்குபவர்கள், கல்யாணப் பந்தியில் குனிந்து சாப்பிடுபவர்கள், பொருந்தாத உடை அணிந்த முதியவர்கள், தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர்கள் ஆகியோரின் படங்களும் அதே 'வேடிக்கை' என்ற பெயரில் அதே குழுக்களில் வருகின்றன. பூசணிக்காய்க்கு வீடு திரும்பியதும் பதில் சொல்ல வேண்டிய மனைவி மக்கள் இல்லை. இவர்களுக்கு இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து காலை ரயிலில் வரும் ஒரு செவிலியர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவதில் சிரிக்க என்ன இருக்கிறது? எட்டு மணி நேரம் நின்ற கால்களைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லாது.

2015 ஆகஸ்டில் தில்லி மெட்ரோவில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். சீருடையில் இருந்த காவலர் ஒருவர் ஓடும் ரயிலுக்குள் நிலைகொள்ளாமல் தள்ளாடி விழும் காட்சியை யாரோ படம் பிடித்துப் பரப்பினார்கள். குடிபோதைக் காவலர் என்ற பெயரில் அது நாடெங்கும் சுற்றியது, தொலைக்காட்சிகளிலும் வந்தது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவர் குடிக்கவில்லை. முன்பே பக்கவாதம் வந்து உடலும் பேச்சும் பாதிக்கப்பட்டிருந்தவர் அவர். பணியிடை நீக்கம் பிறகு திரும்பப் பெறப்பட்டது என்றாலும், தம் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தைத் துடைக்க அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தப் படத்தை எடுத்தவர் ஒருவர். அதைப் பார்த்துச் சிரித்து அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் இலட்சக்கணக்கானோர். "உடம்புக்கு முடியலையா?" என்று அந்தப் பெட்டியில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

பொது இடத்தில் நடப்பதை எடுக்க யாரும் தடை சொல்ல முடியாது என்று உங்களில் சிலர் எனக்குப் பதில் எழுதக்கூடும். சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. தூங்கும் முகத்தைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் 1994-இல் நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கில், ஒருவரை அவர்பாட்டில் விட்டுவிட வேண்டும் என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன நக்கீரன் வழக்கில் சொல்லப்பட்ட அந்தக் கருத்தை நாம் நம் ஊர்ப் பேருந்திலாவது மதிக்கலாம் என்பதே என் எண்ணம். டிக்கெட் வாங்கி ஏறியவர் பயணத்துக்குத்தான் சம்மதித்தார், நம் கைப்பேசியில் காட்சிப் பொருளாவதற்கு அல்ல.

மனநலம் குன்றித் தெருவில் திரிபவர்களைப் படம் எடுப்பதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் எந்தச் சமாதானத்தையும் என்னால் ஏற்க இயலாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும் கடமையைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு அளித்திருக்கிறது. வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பேனியன் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. கையில் இருக்கும் கைப்பேசியில் கேமராவைத் திறப்பதற்குப் பதிலாக அருகிலுள்ள காவல் நிலையத்தை அழையுங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் கேளுங்கள்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து தம்மை இறக்கிவிட்டதாக ஒரு மூதாட்டி நின்று குமுறிய காட்சி பரவியதால்தான், உரிய பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த அம்மா ஊரே கேட்க வேண்டும் என்றுதான் பேசினார். கைப்பேசி அவர் குரலை எடுத்துச் சென்றது. அநீதியைக் காட்டும் படத்துக்கும், ஒருவரின் அசதியைக் காட்டும் படத்துக்கும் உள்ள வேறுபாடு, எடுக்கும்போதே எடுப்பவருக்குத் தெரியும். படத்தில் இருப்பவர் அதைப் பார்த்தால் நன்றி சொல்வாரா, முகத்தை மூடிக்கொள்வாரா என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தால் போதுமானது.

குழுக்களை நடத்தும் அட்மின்களுக்கு மட்டும் தனியாகச் சில வரிகள். ஒரு படம் நான்கு கை மாறுவதற்குள் எடுத்தவர் எழுதிய விளக்கம் உதிர்ந்து, வேறு யாரோ சேர்த்த கேலி மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஊர்ப் பெயரோ விளக்கமோ இல்லாமல் வரும் படங்களை ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள். அடையாளம் தெரியும் முகங்களை மறைத்த பிறகே வெளியிடுங்கள், குழந்தைகளின் முகம் என்றால் இதில் விலக்கே வேண்டாம். படத்தில் இருப்பவரோ அவர் வீட்டாரோ நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குங்கள். ழகரமும் ளகரமும் இடம் மாறிய கடைப் பலகைகளை வெளியிடும்போது அதிலுள்ள தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள். நாம் சிரித்துவிட்டு நகர்ந்த பிறகு, யார் யாரோ அந்த எண்ணை அழைத்துக் கேலி பேசுகிறார்கள், பெட்டிக்கடைக்காரர் காரணம் புரியாமல் திகைக்கிறார். பிழையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறவர் கடைக்குள் போய் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, தணிந்த குரலில் அவரிடமே சொல்லலாம்.

அழகாக எழுதப்பட்ட பலகை என்றால் நான் கேட்பது இதற்கு நேர்மாறானது. பிளக்ஸ் வந்த பிறகு தூரிகையால் பலகை எழுதும் ஓவியர்கள் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் சலூன் கண்ணாடியிலும், மாட்டுவண்டிப் பலகையிலும், பள்ளிச் சுவரிலும் எழுதி, வலது கீழ்மூலையில் தங்கள் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்து, பக்கத்தில் கைப்பேசி எண்ணையும் சிறியதாகப் போட்டிருப்பார்கள். படம் சதுரமாக வர வேண்டும் என்பதற்காக நீங்கள் முதலில் வெட்டி எறிவது அந்த மூலையைத்தான். சிங்கத்தின் முகம் மனித முகமாக வந்திருந்தாலும், பசுவின் கண்ணுக்கு மை தீட்டியிருந்தாலும், அதை எழுதியவர் தம் பெயரைப் போடத் துணிந்திருக்கிறார். அந்த மூலையை வெட்டாமல் வெளியிடுங்கள். உங்கள் படத்தைப் பார்த்து ஒரு கடைக்காரர் அவரை அழைத்தால், அவருக்கு ஒரு வாரத்து வேலை கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் படங்களை நாள்தோறும் பார்த்துவரும் ஒரு வாசகன்